இருபத்து மூன்று பாதங்கள்

டொங்காட்டில் அந்த வருடம்
ஆறு ஊருக்குள் வந்து
நீரேற்று நிலையை எடுத்துக்கொண்டு போனது.
"தண்ணீர் வந்ததால் தண்ணீர் போயிற்று" என்று
கிஸ்டன் சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயைத் திறந்தால் சீறும்.
காற்று மட்டும்.
"ஆவியானவர் இறங்குகிறார், கையை உயர்த்து" என்பார்
சக்கர நாற்காலியிலிருந்து.
அதற்கும் வரவில்லை.

மூன்றாம் மாதம்.
விடியற்காலை நாலு மணி, லாரி நிற்கும் முனை,
இரண்டு பெயின்ட் வாளி, ஒன்றுக்கு மூடி இல்லை.
முன்னால் நொகுதூலா,
பின்னால் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம்.
லாரி வராத நாட்களில்
தனபாக்கியம் தன் கோயில் போர்வெல்லிலிருந்து
ஒரு கேன் கொண்டுவந்து வாசலில் வைப்பாள்,
ஒன்றும் சொல்லாமல்.
கூடார சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன்.
சிலர் முகம் சுளித்தார்கள்.
அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வெந்தது என்றும் சொன்னேன்.

கடையில் ஆங்கிலம், பஸ்ஸில் ஜூலு,
வீட்டில் பாதிக்குப் பாதி.
எனக்கு முழுசாகத் தெரிந்தது ஜெபத் தமிழ்தான்.
கர்த்தாவே, கிருபை, இரக்கம், ஸ்தோத்திரம்.
கோபித்துக்கொள்ள அதில் சொல் கிடையாது.
ஆகவே அந்த மூன்று மாதமும்
வாளியைத் தரையில் வைக்கிற சத்தத்தில் ஜெபித்தேன்.
கொஞ்சம் பலமாகவே வைப்பேன்.
கேட்டிருக்கும்.

ஞாயிறன்று பாஸ்டர்
உபத்திரவத்தில் களிகூருவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.
அவர் வீட்டில் பச்சை ஜோஜோ தொட்டி உண்டு,
ஐயாயிரம் லிட்டர்.
எத்தனை வாளி என்று கணக்குப் போட்டபடி
ஆமென் சொன்னேன்.

கிஸ்டனின் இடது காலைச் சர்க்கரை
முழங்காலோடு கொண்டுபோய் இரண்டு வருடம்.
மிச்சமிருப்பதைத் தினமும் கழுவி,
விரலிடுக்கு துடைத்து, புண் இருக்கிறதா பார்க்க வேண்டும்.
கிளினிக் நர்ஸுக்கு
ஆறும் தெரியாது, லாரியும் தெரியாது.

அந்த வியாழன் ஒரு செம்புதான் மீதி.
குடிக்கப் பாதி, காலுக்குப் பாதி.
தரையில் உட்கார்ந்து பாதத்தை மடியில் வைத்தேன்.
சோப்பு போட்டால் அலச முடியாது;
வெறும் துணியை நனைத்தேன்.
கண்ணில் நீர் வந்தது. அதையும் வீணாக்கினேன்.

அவர் குனிந்து பார்த்தார்.
"அந்த ராத்திரி ஆண்டவர்
பன்னிரண்டு பேருக்குக் கழுவினார். இருபத்து நாலு பாதம்.
உனக்கு ஒன்றே ஒன்று கொடுத்து
இருபத்து மூன்றைத் தள்ளுபடி செய்திருக்கிறார்.
இன்னும் என்ன முறைப்பு?"

வாயை இறுக மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.
பிறகு வந்தது பாருங்கள்,
அடிவயிற்றிலிருந்து, விலா நோக.
முழங்கை பட்டுச் செம்பு சாய்ந்து
குடிக்க வைத்த பாதியும் சிமெண்டில் ஓட,
அதைப் பார்த்து இன்னும்.
சுவருக்கு அப்பாலிருந்து தனபாக்கியம்
"லாரி வந்துவிட்டதா?" என்று கத்தினாள்.

எதுவும் மாறவில்லை.
தாகத்தோடுதான் படுத்தோம்.
ஆனால் முழங்காலில் நின்றபோது
ஸ்தோத்திரம் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது,
வாரக்கணக்கில் காணாமல் போன பூனை
ஒன்றுமே நடக்காதது போல் திரும்பி வருமே, அப்படி.
நான் அதட்டவில்லை.

மறுநாள் நாலு மணி.
இருட்டில் முகங்கள் இல்லை.
லாரியின் விளக்கு தாழ விழுந்ததில்
கால்கள் மட்டும்.
நொகுதூலாவின் வெடித்த குதிகால்.
அவள் மகனின் வாய்பிளந்த பள்ளிக்கூட ஷூ
(கையில் ஒரு கோக் பாட்டில், அவ்வளவுதான் அவன் பாத்திரம்).
இரவுக் காவல் முடிந்து வந்த யாரோ ஒருவரின் சேற்று பூட்ஸ்.
ரப்பர் செருப்புகள். வெறுங்கால்கள்.
தனபாக்கியத்தின் மெட்டி.

எண்ணத் தொடங்கினேன்.
வளைவு வரைக்கும் போவதற்குள்
இருபத்து மூன்றைத் தாண்டிவிட்டது.
கிஸ்டன், உங்கள் தள்ளுபடி செல்லாது.

என் முறை வந்தது.
மூடியில்லாத வாளியை நிரப்பி
அந்தப் பையன் பக்கம் நகர்த்தினேன்,
சத்தமில்லாமல்.